வேலூரில் தினமும் ஓட்ட மின் ஸ்கூட்டர்: ஒயர்மேனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தொரப்பாடியில் இருக்கிறேன், வீட்டு ஒயரிங் வேலை செய்கிறேன். மூன்று வருடமாக மின் ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறேன். பாகாயம், சத்துவாச்சாரி, காட்பாடி என்று சுற்றினால் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் போட பிளக் பாயிண்ட் வைக்கக் கூப்பிடுகிற வீடுகளில், வேலை முடிந்து டூல் பையைக் கட்டும் நேரத்தில் இந்தக் கேள்விகள் வரும். ஒவ்வொரு வீட்டிலும் நின்று சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்த வண்டி வாங்கலாம், நேராகச் சொல்லுங்கள்.

நேராகவே சொல்கிறேன்: வண்டி பெயர் கடைசி. ராத்திரி வண்டி எங்கே நிற்கும், அங்கே நல்ல எர்த்தோடு பிளக் இருக்கிறதா என்பது முதலில். தினமும் எந்த ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் போகிறீர்கள் என்பது அடுத்தது. பழுதானால் தள்ளிக்கொண்டு போகும் தூரத்தில் சர்வீஸ் இருக்கிறதா என்பது அதற்கடுத்தது. இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் உங்களுக்கு ஒத்துவரும் வண்டி இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அதில் உட்கார்ந்து பார்த்து வசதியானதை எடுங்கள்.

ஷோரூமுக்குள் முதலில் நுழைந்தவர்கள் பெரிய திரையையும் கலரையும் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "மூன்றாவது மாடியில் இருக்கிறோம், கீழே வரைக்கும் ஒயர் இழுக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். இழுக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், செலவும் ஆகும். அதை முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டிருக்கலாம்.

பேட்டரி 2.2, 2.9, 3.1 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

கிலோவாட் ஹவர் என்று சொல்வதைக் கேட்டு மிரள வேண்டாம். நம்ம ஈபி கார்டில் எழுதும் யூனிட்தான் அது. 2.2 என்றால் 2.2 யூனிட் பிடிக்கும் பேட்டரி. டிவிஎஸ் ஐக்யூபின் சின்ன மாடலில் 2.2, விடா விஎக்ஸ்2 கோவில் 2.2, ஆம்பியர் மேக்னஸ் நியோவில் 2.3, ஏத்தர் ரிஸ்டாவின் சின்ன பேட்டரியில் 2.9, டிவிஎஸ் ஆர்பிட்டரில் 3.1. ஒரு லட்சத்துக்கு முன்னே பின்னே பார்க்கிறவர்கள் இந்த வட்டத்துக்குள்தான் வருவார்கள்.

நம்ம ஊர் ரோட்டில், 40, 45 வேகத்தில், ஒரு யூனிட்டுக்கு 30 முதல் 35 கிலோமீட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள். 2.2 பேட்டரி என்றால் 65 முதல் 75 வரை. விளம்பரத்தில் இருக்கும் எண் சோதனைச்சாலையில் எடுத்தது. அதில் முக்கால்வாசி கைக்கு வந்தால் சரி.

பின்னால் ஆள், கூடவே வேகம் என்றால் இன்னும் குறையும். என் வண்டி 3 யூனிட் பேட்டரி. ஷோரூமில் 120 கிலோமீட்டர் போகும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவோடு குடியாத்தம் போய்த் திரும்பினேன், போகவர சுமார் 75. ரோடு காலியாக இருந்ததால் 60க்குக் குறையாமல் விரட்டினேன். திரும்பும்போது லத்தேரி தாண்டுகையில் திரையில் 27 சதவீதம். விருதம்பட்டில் 12. பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது, பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் 5. அன்றிலிருந்து 20 சதவீதத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அப்படியானால் எனக்கு எவ்வளவு பேட்டரி போதும்?

ஒரு நாள் முழுக்க ஓடும் தூரத்தோடு பாதியைக் கூட்டுங்கள். அந்த எண்ணை உங்கள் பேட்டரி நிஜமாகவே தர வேண்டும். காட்பாடியிலிருந்து சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் போய்வருபவர், சத்துவாச்சாரியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைக்குப் போகிறவர், இவர்களுக்கெல்லாம் 2.2 தாராளம். வேலூரிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறவர் வேறு. போகவர 50 கிலோமீட்டர் வந்துவிடும், அதுவும் பெங்களூர் ரோட்டில், எதிர்க்காற்றில். அவர்கள் 3 யூனிட்டுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். கம்பெனி வளாகத்தில் சார்ஜ் போட விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். விட்டால் நல்லது, ஆனால் அதை நம்பி சின்ன பேட்டரி எடுக்காதீர்கள்.

பெரிய பேட்டரிதான் எப்போதும் நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. தினமும் 15 கிலோமீட்டர் ஓட்ட 4 யூனிட் பேட்டரிக்கு முப்பதாயிரம் அதிகம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தீப்பிடிக்குமா? அல்லாபுரத்தில் நடந்ததை மறக்க முடியவில்லை.

எனக்கும் முடியவில்லை. 2022 மார்ச் கடைசியில் சின்ன அல்லாபுரத்தில் ராத்திரி சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அப்பாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். நான் வேலை செய்யும் தெருக்களிலிருந்து கூப்பிடு தூரம். இந்தக் கேள்விக்கு "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று ஷோரூமில் சொன்னால், அந்த ஷோரூமை விட்டு வெளியே வாருங்கள்.

அதற்கப்புறம் விதிகள் இறுகின. ஏஐஎஸ் 156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதி 2022 டிசம்பரில் ஒரு கட்டமும், 2023 மார்ச் 31ல் அடுத்த கட்டமுமாக நடைமுறைக்கு வந்தது. பேட்டரிக்குள் தண்ணீர் புகாமை, சூடு ஏறினால் ஓட்டுபவருக்கு எச்சரிக்கை என்று பல சோதனைகள் அதில் உண்டு. அதனால் 2023 ஏப்ரலுக்கு முன் செய்த பழைய ஸ்டாக்கை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். பேட்டரியில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியைக் காட்டச் சொல்லுங்கள்.

பேட்டரியிலும் வகை உண்டு. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்பது கனம், இடத்தை அடைக்கும், ஆனால் சூட்டை அதிகம் தாங்கும், அதிக தடவை சார்ஜ் ஆகும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த லித்தியம் பேட்டரி) இலேசு, சின்ன இடத்தில் நிறைய பிடிக்கும், சூட்டுக்குக் கொஞ்சம் பயந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் நிறைய என்எம்சிதான், நல்ல கம்பெனி ஒழுங்காகக் கட்டியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் கத்திரி வெயில் அடிக்கும் இந்த ஊருக்கு நான் எல்எஃப்பி பக்கம்.

இதைவிடப் பெரிய விஷயம் வண்டியை நிறுத்தும் இடம். நம்ம ஊர் சந்து வீடுகளில் வண்டியை ராத்திரி உள்ளே ஏற்றி, நடையில், மாடிப்படிக்குக் கீழே நிறுத்துகிறோம். வீட்டை விட்டு வெளியே வர அந்த ஒரு வழிதான் இருக்கும். தயவுசெய்து அந்த இடத்தில் சார்ஜ் போடாதீர்கள், அது எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் சரி. வேறு இடமே இல்லை என்றால் சாயங்காலம் எல்லாரும் விழித்திருக்கும்போது சார்ஜ் போட்டு, படுக்கப் போகும் முன் பிடுங்கிவிடுங்கள். 2.2 பேட்டரி காலியிலிருந்து நிறைய நான்கு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும். தினமும் பாதிதான் தீரும் என்றால் இரண்டு மணி நேரம் போதும். பேட்டரியிலிருந்து புகை வந்தால் அணைக்கப் போகாதீர்கள். ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட்டு 101க்குக் கூப்பிடுங்கள்.

வீட்டில் இருக்கும் சாதாரண பிளக்கிலேயே சார்ஜ் போடலாமா?

சின்ன ஸ்கூட்டர்களின் சார்ஜர் பெரும்பாலும் 750 வாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்றரை ஆம்பியர்கூட இழுக்காது, கணக்குப்படி 5 ஆம்ப்ஸ் பிளக்கே தாங்கும். ஆனால் மிக்சி ஐந்து நிமிடம் ஓடுகிறது, சார்ஜர் மூன்று மணி நேரம் விடாமல் இழுக்கிறது. திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகும்.

கொசப்பேட்டையில் ஒரு வீட்டில் வண்டி சார்ஜ் ஏறும்போதே நின்றுநின்று போகிறது என்று ஷோரூமுக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறார்கள். வண்டியில் குறை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நான் போய் பிளக் தட்டைக் கழற்றினேன். நியூட்ரல் ஒயர் பிடித்திருந்த திருகு விரலால் திருப்பினாலே சுற்றியது. அந்த ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக், கருகிய அப்பள ஓரம் மாதிரி பழுப்பாகிக் குமிழி விட்டிருந்தது. ஒயரின் மேல்தோல் ஒரு அங்குலத்துக்கு மொடமொடவென்று உதிர்ந்தது. எர்த் பின்னுக்குப் பின்னால் ஒயரே இல்லை. வீடு கட்டி இருபது வருடமாக அந்தப் பிளக் எர்த் இல்லாமலேயே இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது.

அதனால் வண்டிக்கென்று தனி லைன் போடுங்கள். மெயின் போர்டிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், அதற்குத் தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணையும் சுவிட்ச்), சார்ஜரின் பின்னுக்குச் சரியாகப் பொருந்தும் சாக்கெட், உண்மையான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எர்த் இருக்கிறதா என்று ஒயர்மேனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் வரும் பேஸ் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் ஏறக்குறைய பேஸ்-நியூட்ரல் வோல்டேஜே காட்ட வேண்டும். டெஸ்டர் எரிகிறது என்பது எர்த்துக்குச் சாட்சி இல்லை.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

இதில் நம்ம மாநிலத்துக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தினம் 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் இரண்டு மாதத்தில் 1,560 கிலோமீட்டர். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து மீட்டரில் 55 யூனிட் ஓடும்.

2024 ஜூலை கட்டணப்படி பார்ப்போம். உங்கள் வீடு வழக்கமாக 300 யூனிட் ஓட்டும் வீடு என்றால், கூடும் 55 யூனிட்டும் 4.70 ரூபாய் விலையில் வரும். சுமார் 260 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அவ்வளவுதான்.

வழக்கமாக 460 ஓட்டும் வீடாக இருந்தால் கதை வேறு. 515 ஆகிவிடும். 500ஐத் தாண்டியதும் மேலே உள்ள 15 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்த 2.35 ரூபாய் சலுகை விலையும் போய், அதுவும் 4.70 ஆகிவிடும். 1,553 ரூபாய் கட்டியவர் 2,166 கட்டுவார். 613 ரூபாய் அதிகம். அப்படியும் பெட்ரோலுக்கு முன் இது சின்னத் தொகைதான். லிட்டருக்கு 45 ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு கிட்டத்தட்ட 35 லிட்டர் குடிக்கும், லிட்டர் 100 என்றாலே 3,500. ஆனாலும் 500 ஓரத்தில் இருக்கும் வீடுகள் பழைய குண்டு பல்பு, ஓயாமல் ஓடும் மோட்டார் இவற்றைக் கொஞ்சம் கவனித்தால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் தப்பலாம்.

வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 10 என்று வாங்குகிறவர்கள் உண்டு. அங்கே 55 யூனிட்டுக்கு 550 வரை போகும். வண்டி வாங்கும் முன்பே வீட்டுக்காரரிடம் பேசிவிடுவது நல்லது.

பெட்ரோல் வண்டியைவிட அதிகம் கொடுத்த பணம் எப்போது திரும்ப வரும்?

மேலே சொன்ன 30 கிலோமீட்டர்காரருக்கு மாதம் 1,500 ரூபாய்க்குமேல் மிச்சம். இருபதாயிரம் அதிகம் கொடுத்திருந்தால் ஒரு வருடம் சொச்சத்தில் வந்துவிடும். தினம் 8 கிலோமீட்டர்தான் என்றால் மாதம் 425 ரூபாய் அளவில்தான் மிஞ்சும், அதே இருபதாயிரத்துக்கு நான்கு வருடம் ஆகும். 2025 செப்டம்பர் 22லிருந்து பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகக் குறைந்ததால் விலை வித்தியாசமும் கூடியிருக்கிறது (மின் வண்டிக்கு 5 சதவீதம்தான்). இருக்கிற பெட்ரோல் வண்டி நன்றாக ஓடுகிறது, ஓட்டுவதும் குறைவு என்றால் அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

லைசென்ஸ், நம்பர் பிளேட் வேண்டாத வண்டி ஐம்பதாயிரத்துக்குக் கிடைக்கிறதே?

மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்றால் சட்டம் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. பதிவும் லைசென்ஸும் வேண்டாம். தெருமுனைக் கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும் பெரியவர்களுக்கு அது சரியான வண்டி. பாலாற்றுப் பாலத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே 25 வேகத்தில் ஊர்வது ஆபத்து.

இன்னொன்று. "ஒரு ஒயரைப் பிடுங்கினால் 45 போகும்" என்று கடையில் காதோடு சொல்வார்கள். பிடுங்கிய நிமிடமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம். விபத்து என்றால் இன்சூரன்ஸ் கிடையாது, எதிராளிக்கு நஷ்ட ஈடு உங்கள் கையிலிருந்து. இந்த வண்டிகளில் சிலவற்றில் இன்னும் ஈய அமில பேட்டரி வருகிறது. கனமும் அதிகம், ஆயுளும் குறைவு. தினசரி வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

ஆன்-ரோடு விலையில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு வரியையும் எழுத்தில் வாங்குங்கள். சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவு, சார்ஜர், "ஆக்சஸரீஸ்" என்று தனித்தனியாக. சார்ஜர் விலைக்குள் இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2022ல் வந்த பட்டியலில் 3 முதல் 7 கிலோவாட் மோட்டாருக்கு அது 3,273 ரூபாய், வரி தனி. சில வசதிகளை, வழிகாட்டும் மேப் போல, தனிப் பேக்காக விற்கிறார்கள். அது இல்லாமலும் வண்டி ஓடும்.

மத்திய அரசின் மானியத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். 2024 அக்டோபரில் பிஎம் இ-டிரைவ் என்ற மானியத் திட்டம் தொடங்கியபோது பேட்டரியின் ஒரு யூனிட்டுக்கு 5,000 ரூபாய், 2025 ஏப்ரலிலிருந்து 2,500 என்று பாதியாகிவிட்டது. அதுவும் கம்பெனி விலையில் கழித்துத் தந்ததுதான். "மானியம் பின்னால் உங்கள் கணக்கில் ஏறும், இப்போது முழுசாகக் கட்டுங்கள்" என்றால் நம்ப வேண்டாம்.

தவணையில் வாங்கினால் வட்டி பிளாட்டா (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் வட்டியா (மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்குப் பிளாட் 9 என்பது குறையும் வட்டியில் சுமார் 16.

சர்வீஸ் எப்படி?

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒன்றரை வருடம் முன் என் வண்டியில் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) போய்விட்டது. பாகம் வர 19 நாள். அந்த 19 நாளும் ஏணியும் ஒயர் சுருளுமாக ஷேர் ஆட்டோவில் போனேன், இரண்டு வேலை கைவிட்டுப் போனது. வாரண்டியில் இலவசமாகத்தான் மாற்றினார்கள், ஆனால் போன கூலியை யார் தருவார்கள்? அதனால் விற்கும் இடத்தைவிடச் சரிசெய்யும் இடத்தைப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த சர்வீஸ் சென்டர் வாசலில் போய் நில்லுங்கள். வண்டி விட வந்தவர்களிடம் "எத்தனை நாள் ஆச்சுங்க?" என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆம்பியர் வண்டிகளைச் செய்யும் கிரீவ்ஸ் தொழிற்சாலை நம்ம ராணிப்பேட்டையில் 2021லிருந்து இருக்கிறது. டிவிஎஸ், ஏத்தர் ஓசூரிலும், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் செய்கிறார்கள். பக்கத்தில் செய்கிறார்கள் என்பது பெருமைதான். ஆனால் பாகம் தொழிற்சாலையிலிருந்து அல்ல, சர்வீஸ் சென்டர் அலமாரியிலிருந்துதான் வர வேண்டும்.

பேட்டரி வாரண்டியில் வருடத்தையும் கிலோமீட்டரையும் மட்டும் பார்க்காமல், பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத வாரண்டி, பேட்டரி முழுசாகச் செத்தால்தான் உதவும்.

பஞ்சருக்கும் ஒரு வார்த்தை: ஐக்யூப் போலப் பின்சக்கரத்திலேயே மோட்டார் இருக்கும் வண்டிகளில் சக்கரத்தைக் கழற்ற பஞ்சர் கடைக்காரர்கள் தயங்குவார்கள். டியூப்லெஸ் டயராக இருந்தால் கழற்றாமலேயே அடைத்துவிடலாம்.

வெயில், மழை?

மேயில் மத்தியானம் ஓட்டி வந்து உடனே சார்ஜ் போடாதீர்கள். முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். நிழலில் நிறுத்துங்கள். தினமும் 100 வரை ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை, 80, 90ல் பிடுங்கினால் பேட்டரிக்கு நல்லது. கம்பெனி சொல்லியிருக்கும் நாளில் மட்டும் முழுக்க ஏற்றுங்கள்.

பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் சோதித்தது என்று அர்த்தம். அதற்காக ஐப்பசி மழையில் ரோட்டில் தேங்கி நிற்கும் தண்ணீருக்குள் விட வேண்டியதில்லை. நனைந்த வண்டியின் சார்ஜ் ஓட்டையைத் துடைத்துக் காயவிட்டு அப்புறம் செருகுங்கள். சார்ஜர் நனையவே கூடாது, அதைத் தரையில் வைக்காமல் சுவரில் மாட்ட ஒரு ஆணி அடித்துக்கொள்ளுங்கள்.

மாடி வீடு, கீழே பிளக் போட வழியே இல்லை. என்ன செய்ய?

பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோகும் வண்டி வேண்டும். விடாவில் அப்படி உண்டு. ஷோரூமில் அதைத் தூக்கிக்கொண்டு அங்கேயே மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், தினமும் வேலை முடிந்து வந்து தூக்க முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மேலே கொண்டுபோனதும் படுக்கையறையிலும் வாசல் வழியிலும் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

டெஸ்ட் ரைடு எப்படிப் பார்ப்பது?

ஷோரூம் வாசலிலிருந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது போதாது. வீட்டில் தினமும் பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிரீன் சர்க்கிள் நெரிசலில் மெதுவாக ஊர்ந்து பாருங்கள், ஆக்சிலேட்டர் துள்ளுகிறதா தெரியும். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லி, வாசல் சாய்வில் ஏற்றி, நிறுத்தப்போகும் இடத்தில் நிறுத்தி, சார்ஜர் ஒயர் பிளக் வரைக்கும் எட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். போன மாதம் ஒரு வீட்டில் இரண்டு அடி எட்டவில்லை, அதற்காகவே என்னைக் கூப்பிட்டார்கள்.